பக்கத்து அடுப்பு

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகும் சாலையில், மலை எழும்பத் தொடங்கும் இடத்தில் ஒரு சிறிய மடம் இருந்தது. சிலை கிடையாது, உண்டியல் கிடையாது. ஒரு கூடம், ஒரு சமையல்கட்டு, பின்னால் அரை ஏக்கர் காய்கறித் தோட்டம். மதியம் யார் வந்தாலும் சாப்பாடு உண்டு.

மடத்தை நடத்தியவர் உமையாள் அம்மா. வயது முப்பத்தைந்துதான். அவரைவிட இருபது வயது மூத்தவர்களும் அவரை அம்மா என்றே கூப்பிட்டார்கள். கேள்வியோடு வருகிறவர்களுக்கு அவர் பெரும்பாலும் பதில் சொல்லமாட்டார். ஏதாவது வேலை கொடுப்பார், இல்லாவிட்டால் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்வார். அதில் எரிச்சலடைந்து போனவர்கள் உண்டு. போய்விட்டுத் திரும்பி வந்தவர்களும் உண்டு.

தணிகாசலத்தின் மனைவி மரகதம் பல வருடமாகச் செவ்வாய்க்கிழமைகளில் அங்கே வந்துகொண்டிருந்தவள். கீரை ஆய்வாள், பாத்திரம் துலக்குவாள், அம்மாவோடு ஏதோ பேசிச் சிரிப்பாள். தணிகாசலம் மட்டும் உள்ளே வந்ததில்லை. வெளியே புளியமரத்தடியில் பைக்கை நிறுத்திவிட்டு அதன் மேலேயே சாய்ந்து தூங்குவான். தனியார் பேருந்தில் டிரைவர். கிடைக்கிற ஓய்வு நாளில் அவனுக்குத் தூக்கத்தைத் தவிர வேறு வேண்டுதல் இல்லை.

மரகதம் இறந்து ஒன்றரை வருடம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், அவன் முதல் முறையாகக் கூடத்துக்குள் வந்தான்.

அம்மா சுரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"உக்காருங்கண்ணே," என்று பாயைக் காட்டினார்.

அவன் பாயைப் பார்த்தான். சுவரில் ஒரு கையை ஊன்றி மெல்லக் குனிந்தான். பாதியில் மூச்சு வாங்கியது. முழங்கால் மடங்க மறுத்தது. நிமிர்ந்துகொண்டான்.

"நின்னுக்கிட்டே பேசுறேம்மா."

"சரி."

"உடம்பு எடை குறையணும். நூத்திப் பன்னெண்டு கிலோ இருக்கேன். சர்க்கரை இருக்கு, பிரஷர் இருக்கு, ஈரல்ல கொழுப்பு படிஞ்சிருக்காம்."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"பிள்ளைங்க எத்தனைன்னு கேட்டாரு. ரெண்டு பொண்ணு, ஒருத்திக்குப் பத்து, ஒருத்திக்கு ஆறுன்னு சொன்னேன். அப்புறம் அவரு ஒண்ணும் பேசல. சீட்டு எழுதிக் கொடுத்துட்டாரு."

அம்மா நறுக்குவதை நிறுத்தவில்லை.

"என்னென்ன செஞ்சு பாத்தீங்க?"

"டப்பால ஒரு மாவு வருதும்மா. சாப்பாட்டுக்குப் பதிலா அதைக் கரைச்சுக் குடிக்கணும். நாப்பது நாள் குடிச்சேன். ஒம்பது கிலோ இறங்குச்சு. நிறுத்தின ரெண்டு மாசத்துல பதிமூணு ஏறிடுச்சு. அப்புறம் வெறும் முட்டை. அப்புறம் ராத்திரிப் பட்டினி. பட்டினி கெடந்த மறுநாள் மத்தியானம் ரெண்டு மடங்கு தின்னேன்."

"எங்க?"

"ரோட்டு மேல ஓட்டல்ல. வண்டியக் கொண்டுபோய் அங்க நிறுத்தினா டிரைவருக்கும் கண்டக்டருக்கும் சாப்பாடு சும்மா தருவாங்க. பரோட்டா, சால்னா, ஆம்லெட், கலர். எது கேட்டாலும் வரும்."

"வீட்டுல?"

"வாங்குறதுதான். காலைல நாலரைக்குக் கெளம்புறேன், திரும்ப அஞ்சு மணி ஆகுது. எனக்கு ஏதும்மா நேரம். பிள்ளைகளுக்குக் காலைல கடை இட்லி. சாயங்காலம் பிஸ்கட்டோ நூடுல்ஸோ. கூடத்துல கரண்டு கெட்டில் ஒண்ணு வச்சிருக்கேன், அதுல வெந்நீ வச்சு ஊத்துனா ஆச்சு."

"அடுப்பு எரியுதா அண்ணே?"

கூடத்தின் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அம்மா எழுந்து தோட்டத்துக்குப் போனார். முருங்கையில் ஒரு கொத்து ஒடித்துக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தார்.

"இதைச் சாப்பிட்டுட்டு வாங்க."

"இதைச் சாப்பிட்டா எடை குறையுமாம்மா?"

"சாப்பிட்டுட்டு வாங்க," என்றார் மறுபடியும்.

அவன் கீரையைக் கொண்டுபோய் வீட்டில் சமையலறைக் கதவின் கொண்டியில் செருகி வைத்தான். கதவு சாத்தியிருந்தது. மரகதம் போன பிறகு அது திறக்கப்படவில்லை. அவளுடைய காரியங்கள் எல்லாம் கரூர்ப் பக்கம் சொந்த ஊரில் நடந்தன. பதினாறு முடிந்து திரும்பி வந்தவன், அந்தக் கதவைக் கடந்து போகும்போதெல்லாம் வேறு பக்கம் பார்க்கப் பழகிக்கொண்டான். பிள்ளைகளும் பழகிக்கொண்டார்கள்.

மறு செவ்வாய் போனான்.

"வாடிப் போச்சும்மா," என்றான்.

அம்மா இன்னொரு கொத்து ஒடித்துக் கொடுத்தார்.

அதுவும் கொண்டியிலேயே காய்ந்தது. இலைகள் உதிர்ந்து நடையில் கிடந்தன. சின்னவள் வெண்ணிலா அவற்றைப் பொறுக்கி நோட்டுப் புத்தகத்தில் ஒட்டினாள்.

மூன்றாவது வாரம் அவன் சொன்னான்:

"சாப்பிட்டேன்மா. ஓட்டல்ல கொடுத்து வதக்கித் தரச் சொன்னேன்."

"எந்த ஓட்டல்ல?"

அவன் தலை குனிந்துகொண்டான். அம்மா இன்னொரு கொத்தை ஒடித்தார். கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. முதல் நாள் கொடுத்தது போலவே கொடுத்தார்.

"என்னம்மா இது விளையாட்டு," என்றான் அவன். "நான் சாகக் கெடக்கேன். வழி கேட்டு வந்தா கீரையக் கொடுத்து அனுப்புறீங்க. வாரா வாரம்."

"ஆமாண்ணே."

கீரையை வழியில் ஒரு மாட்டுக்குப் போட்டுவிட்டுப் போனான். இனி வருவதில்லை என்று முடிவு செய்திருந்தான்.

மறுநாள், புதன்கிழமை, அவனுக்கு வண்டி சீக்கிரம் முடிந்தது. மூன்றரைக்கே வீட்டுக்கு வந்துவிட்டான். பள்ளிக்கு அரை நாள் விடுமுறை. பக்கத்து வீட்டு ரஹமத் அக்கா பிள்ளைகளை அழைத்துவந்து விட்டுவிட்டுப் போயிருந்தார். செருப்பைக் கழற்றும்போது உள்ளே பெரியவள் பொற்கொடி பேசும் குரல் கேட்டது. வீட்டில் இருந்த பழைய போனில் அவள் அத்தையோடு, அவனுடைய தங்கையோடு, பேசிக்கொண்டிருந்தாள்.

"அழல அத்தை. சும்மாதான் கேக்குறேன்," என்றாள். "அப்பாவுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா எங்க ரெண்டு பேரையும் நீயே வச்சுக்குவியா? இல்ல வெண்ணிலாவ மட்டும் மாமா வீட்டுக்கு அனுப்பிருவீங்களா?"

அந்தப் பக்கம் ஏதோ பதற்றமாகச் சொன்னார்கள்.

"இல்ல அத்தை, அப்பா நல்லாத்தான் இருக்காரு. படியேறுனா மூச்சு வாங்குது. தூங்குறப்போ நடுவுல மூச்சு நின்னு நின்னு வருது. நான் எழுந்து பாப்பேன். அதான் முன்னாடியே கேட்டு வச்சுக்கிறேன். அவளுக்கு இருட்டுன்னா பயம். யார் வீட்டுல இருந்தாலும் நான் பக்கத்துல படுக்கணும், அதுக்குத்தான்."

தணிகாசலம் வாசலிலேயே நின்றான். உள்ளே போக முடியவில்லை. சத்தம் போடாமல் மறுபடி செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை நடந்தான். அங்கே மூடிக் கிடந்த ரேஷன் கடைப் படியில் உட்கார்ந்தான். ஐந்து மணி வரை உட்கார்ந்திருந்துவிட்டு, வழக்கமான நேரத்துக்கு வருகிறவன் போல வீட்டுக்குப் போனான். பொற்கொடி அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். முகத்தில் எதுவும் தெரியவில்லை.

வியாழன் அவனுக்கு ஓய்வு. செவ்வாய்க்கிழமை வரைக்கும் பொறுக்க முடியாமல் அன்று மதியமே மடத்துக்குப் போனான். பந்தி முடிந்து அம்மா இலைகளை எடுத்துக்கொண்டிருந்தார். அவன் நின்றபடி நடந்ததைச் சொன்னான். குரல் உடையவில்லை. சொல்லி முடித்த பிறகுதான் உடைந்தது.

அம்மா கையைக் கழுவினார். தோட்டத்துக்குப் போய் ஒரு கொத்து முருங்கை ஒடித்து மஞ்சள் பையில் போட்டுக்கொண்டார்.

"வாங்கண்ணே, போவோம்."

"எங்கம்மா?"

"மரகதம் அக்கா வீட்டுக்கு."

பைக்கைப் புளியமரத்தடியில் விட்டுவிட்டு அவரோடு நகரப் பேருந்தில் ஏறினான். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தார். அவர் கண்கள் கலங்கியிருந்ததை அவன் ஒரு முறை பார்த்தான். அவளை நினைக்க அவன் மட்டும் இல்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

வீட்டுக்கு வந்தபோது பிள்ளைகள் பள்ளிவிட்டு வந்திருந்தார்கள். அம்மா நேராகச் சமையலறைக் கதவுக்கு முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தார்.

"நான் உள்ள வரமாட்டேன்," என்றார். "நீங்க தெறங்க."

அவன் கொண்டியைத் தொட்டான். கையை எடுத்துக்கொண்டான். மறுபடி தொட்டான். பிள்ளைகள் இருவரும் அம்மாவின் இரண்டு பக்கமும் வந்து நின்றார்கள். கதவு இறுகியிருந்தது. தோளால் தள்ள வேண்டியிருந்தது.

உள்ளே மக்கிய வாசனை. அரிசி டப்பாவில் வண்டு. பருப்பெல்லாம் நூல் கோத்துக் கிடந்தது. அலமாரியில் வரிசையாகப் பாட்டில்கள், ஒவ்வொன்றிலும் காகிதம் ஒட்டி மரகதத்தின் கையெழுத்து: கடுகு, வெந்தயம், சீரகம். இரண்டு பர்னர் அடுப்பு. இடது பக்கத்து பர்னரைச் சுற்றி, பால் பொங்கி வழிந்து கருகிப்போன தடம், கெட்டியாக, பழுப்பாக இருந்தது.

அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்ன அண்ணே?" என்று அம்மா வெளியிலிருந்து கேட்டார்.

"பால் காய்ச்சிக்கிட்டு இருக்கும்போதுதாம்மா விழுந்திருக்கா. மூணு நாளா காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல்னு நெனச்சோம். ரஹமத் அக்கா ஓடி வந்து அடுப்ப அணைச்சிருக்காங்க. நான் தஞ்சாவூர்ல வண்டிய விட்டுட்டு நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தேன். பேச்சில்ல. அவ கடைசியா செஞ்சது இதுதான்."

அவன் அந்தத் தடத்தைக் காட்டினான்.

"இதைத் துடைச்சாத்தான் சமைக்க முடியும். என்னால துடைக்க முடியாதும்மா."

வெண்ணிலா அம்மாவின் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"துடைக்க வேண்டாம்," என்றார் அம்மா. "பக்கத்து அடுப்பைப் பத்த வையுங்க."

அவன் திரும்பிப் பார்த்தான். பிறகு அடுப்பைப் பார்த்தான். வலது பக்கத்து பர்னர் தூசியேறிச் சும்மா இருந்தது.

ரப்பர் குழாய் வெடித்துப்போயிருந்தது. புதுக் குழாயும் அரிசியும் பருப்பும் வாங்கிவரக் கடைக்குப் போனான். கடைத்தெருவில் நின்றபோது, அப்படியே எங்காவது போய்விட்டால் என்ன என்று தோன்றியது. மூன்று பேர் கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதும் ஞாபகம் வந்தது. வாங்கிக்கொண்டு திரும்பினான்.

சமைக்கத் தெரியாது. பருப்புக்கு எவ்வளவு தண்ணீர் என்று அம்மாவைக் கேட்டான்.

"எனக்கென்ன தெரியும், இது உங்க வீட்டுப் பானை," என்றார் அம்மா.

பொற்கொடிதான் மெதுவாக உள்ளே வந்தாள். அடுப்பு மேடை அவள் மார்பு உயரத்துக்கு இருந்தது.

"விரல் வச்சுப் பாக்கணும்ப்பா. ரெண்டு கோடு மேல. அம்மா அப்படித்தான் வைக்கும்," என்றாள். "கீரைக்கு உப்பு கடைசியாத்தான் போடணும். முன்னாடியே போட்டா கரிச்சிரும்."

சோறு கொஞ்சம் குழைந்தது. கீரையில் உப்பு கூடிவிட்டது. நால்வரும் சாப்பிட்டார்கள். அவனுக்கு மட்டும் முக்காலி. சின்னவள் இரண்டாவது முறை சோறு கேட்டாள். அந்த வீட்டில் யாரும் இரண்டாவது முறை சோறு கேட்டு ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

கிளம்பும்போது அவன் கேட்டான்:

"இனி என்ன சாப்பிடணும்மா? ஒரு சீட்டுல எழுதிக் கொடுத்தீங்கன்னா ஒட்டி வச்சுக்குவேன்."

"தட்டுல கெடக்குறதைப் பாத்து, இது இன்ன செடியில வந்ததுன்னு பிள்ளைங்க சொல்லணும். சொல்ல முடிஞ்சா சாப்பிடுங்க. முடியலன்னா வேண்டாம்."

"முட்டை?" என்றாள் வெண்ணிலா.

அம்மா யோசித்தார். "கோழிச்செடி," என்றார்.

அன்று அந்த வீட்டில் சிரித்தது ஆறு வயதுக்காரி மட்டும்தான்.

அதன் பிறகு நடந்ததைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அவன் ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்தான். சோறு, ஒரு பருப்பு, ஒரு காய். இவ்வளவுதான் அவனுக்கு வந்தது. புடலங்காய், பீர்க்கங்காய், அவரைக்காய், எது மலிவாகக் கிடைத்ததோ அது. முதல் நாளே பயறையோ கொண்டைக்கடலையையோ ஊற வைத்துவிடுவான். மாலையில் பிஸ்கட்டுக்குப் பதில் சுண்டல், கொய்யா, வேர்க்கடலை. வெயில் காலத்தில் கம்பங்கூழும் மோரும். ஒரே பானை, மூன்று பேருக்கும் ஒரே சாப்பாடு. தனக்கென்று தனியாக எதுவும் அவன் செய்துகொள்ளவில்லை. அதற்கு நேரமும் இல்லை.

முதல் மாதம் ஒன்றே கால் கிலோ குறைந்தது. இரண்டாவது மாதம் ஒன்றும் குறையவில்லை. டப்பா மாவில் நாற்பது நாளுக்கு ஒன்பது கிலோ. அதை நினைத்தபோது அவனுக்கு வெட்கமாக இருந்தது. மடத்துக்குப் போய்ச் சொன்னான்.

"ஒரு கிலோதாம்மா."

"வெண்ணிலா கீரை திங்கிறாளா?"

"திங்கிறா."

"சரி," என்றார் அம்மா. அவர் ஒரு தடவையும் எடையைக் கேட்டதில்லை.

பேருந்தில்தான் கஷ்டம். நெடுஞ்சாலை ஓட்டலில் வண்டி நின்றதும் தட்டு தானாக வந்துவிடும். அவன் தூக்குச்சட்டியை எடுத்து மரத்தடிக்குப் போனால் ஓட்டல்காரர் முகம் சுருங்கியது. "எங்க கை பிடிக்கலையா அண்ணே?" என்றார். கண்டக்டர் சீமைச்சாமி, "விரதமா, இல்ல வேற யாராச்சும் கட்டிக் கொடுக்குறாங்களா?" என்று கேட்டுச் சிரித்தான். தணிகாசலம் தன் பாட்டுக்குச் சாப்பிட்டான். சால்னா வாசனை மரத்தடி வரை வரும். சில நாள் அவன் தோற்றான். தூக்குச்சட்டியைத் திறக்காமலே எடுத்துவந்து, மாலையில் பிள்ளைகளுக்குத் தெரியாமல் சாக்கடையில் கொட்டினான். மறுநாள் மறுபடி கட்டிக்கொண்டு போனான்.

இப்படி ஆறு மாதம்.

மரகதத்தின் இரண்டாவது வருடத் திதி அந்தச் சமயத்தில்தான் வந்தது. காலையில் கும்பிட்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, வீட்டில் தனியாக இருந்தான். பதினொரு மணிக்குப் பைக்கை எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்துப் பக்கம் போனான். மறுநாள் மடத்துக்கு வந்து, இப்போது அவனால் பாயில் உட்கார முடிந்தது, உட்கார்ந்து சொன்னான்.

"எட்டு பரோட்டா தின்னேம்மா."

"ருசியா இருந்துச்சா?"

அவன் யோசித்தான்.

"முதல் ரெண்டு இருந்துச்சு."

"மிச்சம் ஆறு?"

அவன் வாய் திறந்தான். கண்ணீர்தான் வந்தது. அம்மா அவன் அழுது முடிக்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்து வாழைப்பூவை ஆய்ந்துகொண்டிருந்தார். பிறகு இலை போட்டார்.

"பந்தியில உக்காருங்கண்ணே. நேத்து நேத்தோட போகட்டும்."

அவன் சாப்பிட்டான். வாழைப்பூ, பாசிப்பருப்பு, ரசம். வயிறு நிறைந்ததும் இலையை மூடினான். நிறைந்ததும் நிறுத்துவது தனக்குத் தெரிந்திருக்கிறது என்று அன்று கண்டான். யாரிடமும் சொல்லவில்லை.

அன்று கிளம்புவதற்கு முன் ஒன்று கேட்டான்.

"சமைச்சுச் சாப்பிடுன்னு முதல் நாளே சொல்லியிருக்கலாமேம்மா. மூணு வாரம் கீரையக் கொடுத்து அலைய விட்டீங்களே."

"சொல்லியிருந்தா சமையலுக்கு ஆள் வச்சிருப்பீங்க."

அது உண்மை. அவன் பைக்கை எடுத்துக்கொண்டு போனான்.

இன்னும் ஒரு வருடம் போனது. தொண்ணூற்று மூன்று கிலோவில் எடை நின்றது. சர்க்கரைக்கு இரண்டு மாத்திரை ஒன்றானது. டாக்டர் இந்தத் தடவை பிள்ளைகளைப் பற்றிக் கேட்கவில்லை. என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். சோறு, பருப்பு, காய் என்றான். அவர் நம்பாதவர் போலப் பார்த்தார்.

பொற்கொடி அத்தைக்குப் போன் செய்து அப்படிக் கேட்டது அந்த ஒரு முறைதானா என்று அவனுக்குத் தெரியாது. கேட்கவும் அவனால் முடியவில்லை. அவள் பன்னிரண்டு வயதுக்கு அதிகமாகவே பொறுப்பாக இருந்தாள். இப்போதும் அதிகாலையில் அவன் கண் விழிக்கும்போது சில நாள் அவள் விழித்துக்கொண்டு, அவன் மூச்சைப் பார்த்தபடி படுத்திருந்தாள். அந்தக் குழந்தையிடமிருந்து எடுத்துப்போனதைத் தான் எத்தனை கிலோ குறைந்தாலும் திருப்பித் தர முடியாது என்று அவனுக்குத் தெரிந்தது. படியேறும்போது மூச்சு வாங்கவில்லை. ஆனால் ஏறிப் போன வீட்டில் மரகதம் இல்லை.

ஒரு நாள் மாலை மடத்துக்குப் போனான். மழை வரும்போல இருட்டிக்கொண்டிருந்தது. அம்மா தோட்டத்தில் அவரைப் பந்தலைக் கட்டிக்கொண்டிருந்தார். அவன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். இருவருமாகக் கயிறு கட்டி முடித்தார்கள்.

"ஒண்ணு கேக்கணும்மா," என்றான்.

"கேளுங்க."

"உடம்பு குறைஞ்சிருச்சு. நல்லா இருக்கேன்னு எல்லாரும் சொல்றாங்க. வண்டியில சீமைச்சாமிகூட இப்பத் தூக்குச்சட்டி கொண்டுவர்றான்."

"ம்."

"உடம்பு குறைஞ்சா மனசும் லேசாயிரும்னு நெனச்சேன். ஆகல. முன்னாடி தின்னுட்டு மந்தமா கெடப்பேன், ஒண்ணும் தெரியாது. இப்ப எல்லாம் தெரியுது. காய் நறுக்கும்போது தெரியுது, அரிசி களையும்போது தெரியுது. அன்னிக்கு எவ்வளவு இருந்துச்சோ துக்கம் அவ்வளவும் அப்படியே இருக்கு. கடுகளவும் குறையல. அதுக்கு என்ன செய்யணும்மா?"

அம்மா கையிலிருந்த மண்ணைத் தட்டினார். மலைப்பக்கம் பார்த்தார். மழை இறங்கத் தொடங்கியிருந்தது.

"பிள்ளைங்க எத்தனை மணிக்குச் சாப்பிடுவாங்க?"

"ஏழரைக்கு."

"அடுப்புல என்ன இருக்கு?"

"இன்னும் ஒண்ணும் வைக்கலம்மா. போய்த்தான் வைக்கணும்."

"அப்ப அந்தத் துக்கத்தோடயே போங்கண்ணே," என்றார் உமையாள் அம்மா. "அது சமையலைக் கெடுக்காது."